வழுக்கைக்குச் சம்மதமா?

ஆடி பிறந்தால் போதும், சிவகாசியில் அடுத்த வருடமே பிறந்துவிடும். காலண்டர் ஆர்டர் சீசன்! என் மனைவி காலண்டர் ஏஜென்ட். அவள் போனில் இருக்கும் பெயர்களே தினுசாக இருக்கும். ‘காரியாபட்டி நகைக்கடை – பழனி முருகன் பெரிய படம்’. ‘ஆனைக்குட்டம் உரக்கடை – லட்சுமி’. யாருக்கு எந்த சாமி என்பதையும் பெயரோடு சேர்த்தே சேவ் செய்துவிடுவாள்.

போன வாரம் நகைக்கடைக்காரர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் அனல்.

“ஏம்மா, எவனோ போன் பண்ணி, ‘இந்த வருசமும் பழனி முருகன் பெரிய படந்தான? நாங்க கொறைச்சுத் தாரோம்’ங்கான். எங்க கடைக்கு எந்தப் படம்னு அவனுக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னீகளா?”

“ஐயோ, நான் ஏன் அண்ணாச்சி சொல்லப் போறேன்!”

அவர் வைப்பதற்குள் உரக்கடை லைனில். அதே புகார். வருடக்கணக்கில் பேசிப் பேசிச் சேர்த்த வாடிக்கை... மொத்த சீசனும் கண்ணெதிரே கைமாறிக்கொண்டிருந்தது. மனைவி போனைக் குடைந்தாள். பிறகு மெதுவாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது என்னங்க ஆப்பு? எம் போன்ல என்ன செஞ்சு தொலைச்சீக?”

சொல்லித்தானே ஆகவேண்டும்? தலையில் முடி இருந்தால் நாம் எப்படி இருப்போம் என்று காட்டும் ஆப் அது. என் போனில் இடமில்லை. அவள் போனில் ஏற்றினேன். போட்டோ எடுத்ததும், ‘உங்கள் போனில் உள்ள பெயர்களையும் எண்களையும் பார்க்கலாமா?’ என்றது. என் முடிக்கும் ஊரார் நம்பருக்கும் என்ன சம்பந்தம்? யோசித்தேனா? ‘சம்மதம்’ பச்சை நிறத்தில், பூசணிக்காய் சைஸில். கீழே எறும்பு எழுத்தில் — ‘வேண்டாம், நான் வழுக்கையாகவே இருந்துகொள்கிறேன்.’

என்ன நக்கல்! மானமுள்ள எவன் அதை அமுக்குவான்? அமுக்கினேன் பூசணிக்காயை. தலை நிறைய முடியோடு என் போட்டோ வந்தது. பெயரும் நம்பரும் சாமியும் எவன் கைக்கோ போய்விட்டன.

இப்படி வெட்கப்படுத்திச் சம்மதம் வாங்குவது நுகர்வோர் விதிகளின்படி தப்பாம்! படித்ததும் துள்ளிக் குதித்தேன். தனிநபர் தரவுச் சட்டம் — கட்டம் கட்டமாகத்தான் அமலுக்கு வருகிறது என்றாலும் — அதற்கும் ஒரு படி மேலே. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்ப வாங்குவதும் அவ்வளவு சுலபமாக இருக்கவேண்டுமாம்! என் மண்டையை நினைத்தே டெல்லியில் யாரோ எழுதியிருக்கிறார்கள்! உடனே நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார் தட்டிவிட்டேன்.

“புகாரு கெடக்கட்டும். அமுக்குனது நீங்க. எல்லாருக்கும் நீங்களே போனப் போட்டு உண்மையச் சொல்லுங்க.”

நகைக்கடையில் ஆரம்பித்தேன். நடந்ததைச் சொல்லி முடித்தேன். திரி பற்றும் நேரம்தான்... பிறகு சரவெடி மாதிரி சிரிப்பு.

“ஏ யப்பா! முடிக்கு ஆசைப்பட்டு எங்க முருகனைக் காட்டிக் குடுத்துட்டீகளே! சரி, ஒளிக்காமச் சொன்னதுக்காக ஆர்டர் தங்கச்சிக்கே. ஆனா ஒண்ணு, அந்த முடி வச்ச போட்டோவ அனுப்பணும்!”

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி அனுப்பிவிட்டாள். அவருக்கு மட்டுமா? வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும்! ஆர்டர்களும் சிரிப்பும் வந்தபடி இருக்கின்றன.

என் சம்மதத்தையோ... எறும்பு எழுத்தில்கூட யாரும் கேட்கவில்லை!