டோப்பாவும் கல்யாண மண்டபமும்

மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் தேடிய அதே லேப்டாப்பில் நான் டோப்பாவும் தேடியதுதான் தப்பு. ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதன்பிறகு எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், திருமயம் கோட்டையைப் பற்றிய கட்டுரையில்கூட, அடர்ந்த முடியோடு ஓர் ஆள் விளம்பரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை இதே லேப்டாப்பில் மண்டபங்களைப் பார்க்க அறந்தாங்கியிலிருந்து சம்பந்தி வருகிறார். அவர் முன்னால் இவன் சிரித்துவிட்டால், கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் என் தலையைத்தான் பார்ப்பார்கள்.

அலுவலக நண்பர் சொன்னபடி சனிக்கிழமையே விளம்பரத் தடுப்பானைப் போட்டேன். அடேயப்பா! காபி குடித்து முடித்தபின் திறக்கும் பக்கம், டம்ளரைத் தொடுமுன் திறந்தது. இணையத்தில் என்னைப் பின்தொடர்ந்த பதினேழு பேரைத் தடுத்துவிட்டதாக மூலையில் ஓர் எண் வேறு. கல்லூரிக் காலத்தில் ஒருத்தர்கூடப் பின்தொடராத ஆள் நான். பெருமையாகவே இருந்தது.

சம்பந்தி வந்தார். மண்டபங்கள் மளமளவென்று வந்தன, சிரிப்பவனைக் காணோம். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

“என்ன சம்பந்தி, ஒங்களுக்கு வெளம்பரமே வரல?”

தடுப்பானைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் மனைவி பேசிக்கொண்டிருந்த அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் போனை நீட்டினார்.

“இதுலயும் போட்டு விடுங்க. வயித்தை உள்ள இழுத்துப் பிடிக்கிற பனியன் ஒண்ணு பார்த்தேன். இப்ப எங்கிட்டுப் போனாலும் அதுதான் வருது. வீட்ல பார்த்தா மானம் போயிரும்.”

உடனே போட்டுக் கொடுத்தேன்.

“நீங்க எதுக்குப் போட்டீங்க?”

“பக்கம் வேகமாத் திறக்குதுங்க” என்றேன். பொய்யில்லையே.