மஞ்சள் வண்டியின் பின்சீட்டு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கு அறிவுரை சொல்ல இன்றைக்கு ஆளுக்கா பஞ்சம்? போனைத் திறந்தால் போதும், தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒரு அண்ணன் பானெட்டைத் தட்டிக்கொண்டே வந்துவிடுவான். எனக்கு அந்த அண்ணன்கள் தேவையில்லை. என்னிடம் மாமாவின் பட்டியல் இருக்கிறது. பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழித்த தாள். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வெள்ளை. கோடு போட்ட பக்கத்தில் இருபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, வண்டி தேறினால் டிக், தேறாவிட்டால் பெருக்கல் குறி போட ஒரு சின்னக் கட்டம். அந்தப் பட்டியல் ஒரே ஒரு முறைதான் பயன்பட்டது. அன்றைக்கு நானும் கூட இருந்தேன். எனக்கு வயது பத்து. வாய்க்கு மட்டும் முப்பது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை, தண்ணி இல்லை, சிகரெட் இல்லை, ஞாயிறு தவறாமல் சர்ச். இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு கெட்ட பழக்கமாவது இருந்தாக வேண்டுமே. அவருக்கு அது இரண்டு கதவுக் கார். அவருடைய பீரோ கதவின் உட்பக்கம் ஒரு மஞ்சள் காரின் படம் ஒட்டியிருந்தது. நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை, பக்கத்துக்கு ஒரே கதவு. அதற்குப் பெயர் கூபே என்று அவர் சொன்னபோது அம்மா விடவில்லை.

"கூபேன்னா ரயில்ல இருக்குமேடா, ரெண்டு பேர் கதவ சாத்திக்கிட்டுப் போறது. அதுக்கு மொதல்ல ஒரு பொண்ணப் பாரு."

நாங்கள் வண்டி பார்க்கப் போனதற்கு முந்தைய ஆண்டுதான் எங்கள் முடிச்சூரில் வெள்ளம். எங்கள் வீடும் மாமாவின் வீடும் ஒரே தெருவில். தண்ணீர் ஜன்னல் கம்பி வரை நின்று, வடிந்தபோது சேற்றை விட்டுவிட்டுப் போனது. தார் போலக் கறுத்த, சாக்கடை நாறும் சேறு. நான்கு நாள் நானும் அம்மாவும் உடைந்த தட்டால் அதைச் சுரண்டினோம். மாமாவின் பைக் மூன்று நாள் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. வெளியே இழுத்தபோது சைலன்சரிலிருந்து ஒரு குட்டித் தவளை குதித்து ஓடியது. அன்றிலிருந்து தண்ணீரில் மூழ்கிய வண்டி என்றால் மாமாவுக்கு அலர்ஜி.

பட்டியலின் பதினேழாவது கேள்வி அப்படித்தான் வந்தது. 'எல்லா சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார். சேறு இருக்கிறதா?' வெள்ளத்தில் போன வண்டியை விற்பவன் தரையைக் கழுவுவான், சீட் கவரை மாற்றுவான், செண்ட் அடிப்பான். பெல்ட் சுருண்டிருக்கும் உள்முனையை மட்டும் எவனும் கழுவ மாட்டான். இது மாமா கண்டுபிடித்த விதி. நியூட்டனுடையதைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

மாடம்பாக்கத்தில் ஒரு மஞ்சள் கூபே விற்பனைக்கு இருக்கிறது என்று போனில் பார்த்த நாளிலிருந்து மாமா சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிறு சர்ச் முடிந்ததும் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். என் மேல் உள்ள பாசத்தால் இல்லை. இருபதாவது கேள்விக்காக. 'பின்சீட்டில் மனிதர் உட்கார முடியுமா?' அந்த மாதிரி வண்டிகளில் பின்சீட்டு என்பது பேருக்கு ஒன்று. அதில் நுழைத்துப் பார்க்க ஒரு சிறிய சைஸ் மனிதர் தேவைப்பட்டது.

வீடு கோயில் மதிலை ஒட்டிய தெருவில் இருந்தது. ஒரு காலத்தில் வயலாக இருந்ததை மனைகளாக விற்றுக் கட்டிய பெரிய மாடி வீடு. வாசலில் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள், புதிதாகக் கொட்டிய செம்மண்ணோடு. போர்டிகோவில் அந்த வண்டி. படத்தில் இருந்ததேதான். மாமா ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட மறந்துவிட்டார். நான் பிடித்திராவிட்டால் அது அங்கேயே விழுந்திருக்கும்.

வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"வாங்க சார், வாங்க. பாப்பா உங்க பொண்ணா?"

"அக்கா பொண்ணு."

"சர்தான். இதோ கீது பாருங்க, சிங்கம் மாதிரி. நம்ம பொண்ணு சிறுசேரில வேல செய்யுது. அது சம்பளத்துல அதுவா வாங்குனது. நான் அப்ப ஒண்ணும் சொல்லல. அடுத்த மாசம் கல்யாணம் வச்சிருக்கோம். மாப்ள வூட்ல வந்து பாத்துட்டு, இன்னாங்க இது ரெண்டே கதவுன்றாங்க. மாமியாருக்கு வேற முட்டி வலி. அந்தம்மா இதுல எப்டி சார் பின்னாடி ஏறும்? ஒரே பேஜாரு. கல்யாணத்துக்குள்ள தள்ளிவுட்ரணும்."

அவருக்குப் பின்னால் நின்ற பெண் அப்போதுதான் வாயைத் திறந்தார். இந்த அக்காதான் வண்டிக்குச் சொந்தக்காரர் என்று எனக்குப் புரிந்தது.

"அவங்க முன்னாடி உக்காரலாம்பா."

"அப்ப மாப்ள எங்கம்மா குந்துவாரு?"

"பின்னாடி."

"பாத்தீங்களா சார், வாய!" என்று அவர் பெருமையும் எரிச்சலுமாகச் சிரித்தார்.

அக்கா சாவியை நீட்டினார். உடனே விடவில்லை. மாமா ஒரு முனையையும் அவர் மறுமுனையையும் பிடித்தபடி ஒரு நொடி நின்றார்கள். அவருடைய நக இடுக்குகளில் செம்பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. கல்யாணப் பெண்ணாயிற்றே, மருதாணி என்று நினைத்துக்கொண்டேன். உள்ளங்கை வெறுமையாக இருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மாமா வேலையை ஆரம்பித்தார். முதலில் புறங்கையை பானெட்டின் மேல் வைத்தார். சில்லென்று இருந்தது. டிக். வாங்க வருபவன் வரும் முன்பே எஞ்சினைச் சூடு பண்ணி வைத்திருந்தால் அது காலையில் கிளம்ப அடம்பிடிக்கும் வண்டி என்று அர்த்தமாம். பிறகு லேபிலிருந்து கொண்டுவந்த காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி வண்டி உடம்பெங்கும் ஒற்றினார். அடிபட்ட இடத்தில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது. எல்லா இடத்திலும் ஒட்டியது. டிக். கதவைத் திறந்து கீழ்முனையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். இரண்டு கதவு வண்டியில் கதவு நீளம், கனம் அதிகம், நாளாக ஆகக் கீல் தொங்கிவிடும். இது தொங்கவில்லை. மூக்கு தாழ்ந்த வண்டி ஸ்பீடு பிரேக்கரில் அடிவயிற்றைத் தேய்த்திருக்கிறதா என்று சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்தார்.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ பாக்கல" என்றார் வீட்டுக்காரர்.

"அவங்க காந்தம் எடுத்துட்டு வரலப்பா" என்றார் அக்கா.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. முதலில் சொந்தக்காரர் ஓட்ட வேண்டும், வாங்குபவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்பது பட்டியலின் விதி. நான் பின்னால் நுழைந்தேன். முட்டி தாடையில் இடித்தது. மனிதர் உட்காரலாம், ஆனால் இறங்கும்போது அதே மனிதராக இருப்பாரா என்பது சந்தேகம்.

அக்கா கோயிலைச் சுற்றிக்கொண்டு பெரிய சாலைக்கு வண்டியை எடுத்தார். பின்புறம் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் அவர் கண்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. வீட்டில் பார்த்த கண்கள் இல்லை அவை. ஸ்பீடு பிரேக்கர் வந்தபோது வண்டியைக் கோணலாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினார். "மெதுவா, மெதுவா" என்றார். எங்களிடம் சொல்லவில்லை. வண்டியிடம் சொன்னார்.

மாமாவின் பேனா நின்றிருந்தது.

"நல்லாத்தானே ஓட்டுறீங்க. ஏன் விக்கிறீங்க?"

"அப்பா சொன்னாரே சார்."

"நீங்க சொல்லுங்க."

கொஞ்ச தூரம் போனோம். "செகண்ட் கியர் ஆரம்பத்துல மொரண்டு பிடிக்கும்" என்றார் அக்கா. "ரெண்டு நிமிஷம் பொறுத்தா தானா வந்துரும். அடிச்சுத் தள்ளாதீங்க. ப்ளீஸ்."

கேட்ட கேள்விக்கு இது பதிலே இல்லை. பரீட்சையாக இருந்தால் முட்டைதான் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது மாமா ஓட்டினார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. பீரோ கதவைத் திறந்து படத்துக்குள்ளேயே போய்விட்டவர் போல இருந்தார்.

வீட்டுக்காரர் காபியோடு காத்திருந்தார். மாமா இறங்கி, பட்டியலில் பாக்கி இருந்ததையும் மறந்து, டம்ளரை வாங்காமலே, "எனக்குப் பிடிச்சிருக்கு சார்" என்றார்.

"அப்புறம் இன்னா! நல்ல நாள் பாத்துடலாம்."

அக்கா முன்சீட்டை மடக்கி, நான் இறங்குவதற்காகக் கையை நீட்டுபவர் போல உள்ளே குனிந்தார்.

"பாப்பா, அந்தப் பக்கத்து பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாரேன். சில சமயம் சிக்கும்."

இழுத்தேன். சிக்கவில்லை. வந்துகொண்டே இருந்தது. கடைசி ஒரு சாண் நீளத்துக்கு அதன்மேல் செக்கச்செவேலென்று மண் அப்பிக் காய்ந்திருந்தது. துப்பறியும் வேலையில் இதுதான் என் முதல் கேஸ்.

"மாமா! சேறு! பதினேழு! பதினேழு மாட்டிக்கிச்சு!"

தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரரின் கையில் காபி தளும்பியது.

"இன்னா பாப்பா சொல்ற? வெள்ளத்தப்போ வண்டி இங்க இல்லவே இல்லியே. சிறுசேரி ஆபீஸ்ல நின்னுகினு இருந்துச்சு."

"ஆபீஸ் பேஸ்மெண்ட்டுல தண்ணி வந்துச்சுப்பா" என்றார் அக்கா. "நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல."

மாமா தலையை உள்ளே விட்டார். பெல்ட்டின் முனையைப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். விரலையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார், ஹோம்வொர்க் செய்யாமல் மாட்டிய பிள்ளை மாதிரி. மாமா விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். தாளில் எதையோ குறித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கடைசியாக ஒருமுறை அந்த மஞ்சள் கூரையைத் தடவினார்.

"வேணாம் சார். தண்ணில போன வண்டி."

"சார், சார், பேசிக்கலாம் சார்."

"இல்ல சார். யார் கேட்டாலும் மொதல்லயே சொல்லிடுங்க, தண்ணில நின்ன வண்டின்னு. மறைக்காதீங்க. எப்டியும் கண்டுபிடிச்சுருவாங்க."

"சொன்னா எவன் சார் வாங்குவான்?"

"கஷ்டந்தான்" என்றார் மாமா.

வீட்டுக்காரர் காபியைத் தானே குடித்துவிட்டார். "அப்ப இத வச்சிகினு நான் இன்னா பண்றது?"

"நானே வச்சுக்கறேன்பா" என்றார் அக்கா, தரையைப் பார்த்தபடி. "அவங்க முன்னாடி உக்காரட்டும்."

கேட் வரை வந்த அக்கா என் கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்து, "தேங்க்ஸ் பாப்பா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய வியாபாரத்தையே கெடுத்தவள் நான். எனக்கு தேங்க்ஸ்.

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும், "அந்த அக்கா சுத்த லூசு மாமா" என்றேன். மாமா கேம்ப் ரோட்டில் ஒரு கடையில் நிறுத்தி எனக்கு ரோஸ் மில்க் வாங்கித் தந்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. பாவம், ஏமாந்துபோன துக்கம் என்று நினைத்தேன். அவர் பையிலிருந்து பட்டியலை உருவி என் வெற்றியை இன்னொரு தடவை பார்க்கப் பிரித்தேன்.

"மாமா, தப்பா போட்டுட்டீங்க! பதினேழுல டிக் இருக்கு. ராங்தானே போடணும்?"

"அப்டியா?"

"வாத்தியாரே இப்டிப் பண்ணா எப்டி?"

"சரி, நீயே திருத்திடு வாலு" என்று பேனாவைக் கொடுத்தார். ரோஸ் மில்க்கை ஓரமாக வைத்துவிட்டுத் திருத்தினேன். தாளை வாங்கிப் பார்த்து, "கரெக்ட்" என்றார்.

மாமா அப்புறம் கூபே வாங்கவில்லை. கல்யாணம் செய்துகொண்டார். நான்கு கதவு வண்டி, பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அந்த அக்கா வண்டியை வைத்துக்கொண்டாரா, முன்சீட்டில் மாமியார் உட்கார்ந்தாரா, எனக்குத் தெரியாது.

இந்த ஞாயிறு நான் ஒரு இரண்டு கதவு வண்டி பார்க்கப் போகிறேன். என் சம்பளம், என் வண்டி. அதற்காகத்தான் மாமாவிடம் கேட்டுப் பட்டியலை வாங்கி வந்து மேசையில் விரித்தேன். பதினேழில் கண் நின்றது. எங்கள் வீட்டில் நான் நான்கு நாள் சுரண்டிய வெள்ளச் சேறு கறுப்பு. ஒரு வாரத்துக்கு என் நகங்களிலிருந்து போகாத கறுப்பு. அந்த பெல்ட்டிலும் அக்காவின் நகங்களிலும் இருந்தது, வாசலில் குரோட்டன்ஸுக்குக் கொட்டிய செம்மண். ஊரைக் கூட்டிய எனக்கு நிறம் தெரியவில்லை. பைக்கை அதே கறுப்புச் சேற்றிலிருந்து இழுத்த மாமாவுக்குத் தெரிந்திருந்தது.

கட்டத்துக்குள் நீல மையில் அவருடைய டிக் இருக்கிறது. அதன்மேல், தாள் கிழிகிற அளவுக்கு அமுக்கிப் போட்ட என் பெருக்கல்.