நாலந்தாவில் இறக்கிவிட்ட பூனை

பூனையைக் கொண்டுவர நான் சாக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதில் என்ன பிழை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நல்ல சாக்கு. மிளகு போட்டு வைத்திருந்ததை உதறி, வெயிலில் காயவைத்து, நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த நாள் முதல் எங்கள் மாத்தளையில் பூனை என்றால் சாக்கில்தான் பயணம் போகும். ஆனால் அங்கே வாசலில் நின்ற பெண்பிள்ளை அந்தச் சாக்கைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ ஆளைக் கொன்று கட்டிக்கொண்டு போக வந்தவன் மாதிரி.

"அங்கிள், இது எதுக்கு?"

"பூனைக்கு."

"சாக்குலயா கொண்டு போகப் போறீங்க?"

"பின்ன? பல்லக்குலயா?"

சிரிக்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பூனையைப் பார்த்துச் சிரிக்கும், மனிதனைப் பார்த்துச் சிரிக்காது.

இடத்தைச் சொல்கிறேன். ரத்தோட்டைக்குப் போகிற வழியில் ஒரு பழைய வீடு. யாரும் வேண்டாமென்று விட்ட நாய் பூனைகளைப் பொறுக்கிவந்து, கழுவி, மருந்து கொடுத்து, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். சும்மா கொடுப்பதில்லை. பெண் கொடுப்பது போல விசாரித்துத்தான் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டிலும் பெயரும் வயதும் எழுதிய அட்டை. நாங்கள் கேட்டுப் போன பூனையின் அட்டையில் 'சீனியர்' என்று போட்டிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய எனக்கு பஸ்ஸில் ஒருத்தன் எழும்பி இடம் கொடுப்பதில்லை. பூனைக்குப் பட்டம்! பன்னிரண்டு வயதாம். ஒரு கண்ணில் பால் போட்ட மாதிரி வெள்ளை, வாயில் நாலோ ஐந்தோ பல். மீனை முள் எடுத்து மசித்துத்தான் கொடுக்க வேண்டுமாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே அறையில் நாங்கள் எட்டுப் பேர், ஒரு கருவாட்டுத் தலையை வைத்து ஒரு சட்டி சோறு தின்று வளர்ந்தவர்கள். எங்களுக்கு முள் எடுத்துத் தந்தவர் யார்?

பூனை எனக்கல்ல, என் மனைவி சரசுவுக்கு. வஹகோட்டையில் ரூபி அக்கா என்று ஒரு தையல்காரி இருந்தார். சரசுவுக்கு முப்பது வருடம் சட்டை தைத்தவர், சட்டையை விட அதிகமாகக் கதை தைத்தவர். மெஷினை மிதிக்கும்போது இந்தப் பூனை அவருடைய காலடியில் படுத்திருக்கும். ரூபி அக்கா செத்துப்போன ஐந்தாம் நாள் சொந்தக்காரர்கள் வீட்டைப் பூட்டினார்கள்; பூனையை வெளியே வைத்துத்தான் பூட்டினார்கள். எட்டு மாதமாக இங்கே கூட்டில் கிடக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் குட்டிதான் வேண்டும். சரசு அதன் படத்தை யாருடைய போனிலோ பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பூனைக்காகப் பட்டினி கிடக்கிறவளை என்ன செய்வது? சாக்கை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

பெண்பிள்ளை ஏதோ கடுதாசி எடுக்க உள்ளே போனது. சாக்கு என் மடியில். எவ்வளவு உதறினாலும் சாக்கை விட்டு மிளகு வாசம் போகாது. அந்த வாசம் மூக்கில் ஏறினால் நான் எங்கே இருந்தாலும் பதினெட்டு வயதில் போய் விழுவேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இறங்கி, மாத்தளை டவுனில் ஒரு வாசனைச் சரக்கு ஸ்டோரில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். மிளகு, கராம்பு, சாதிக்காய், எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு கொக்கோ விதையின் புளித்த வாடை. இன்றைக்கு அதே வீதியில் எனக்கு இரண்டு ஸ்டோர், மாடி வீடு. பெரிய படிப்புப் படித்த மூன்று பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்வதானால் இன்னும் நிறைய இருக்கிறது.

அந்த ஸ்டோரில் ஒரு கடுவன் பூனை இருந்தது. சாம்பல் நிறம், கிழிந்த காது. நாங்கள் மூட்டை தூக்கும்போது அது மூட்டை அடுக்கின் உச்சியில் உட்கார்ந்து எங்களை மேலும் கீழும் பார்க்கும். அதனால் அதற்குக் 'கங்காணி' என்று பெயர். உண்மையான கங்காணி மாதிரியே அதுவும் வேலை செய்வதை ஒருநாள் நிறுத்திவிட்டது. வயதாகிவிட்டது. எலி பக்கத்தில் ஓடினால் தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும். கொக்கோச் சாக்குகளில் ஓட்டை விழத் தொடங்கியது.

முதலாளி ஒரு கஞ்சன். சிரிப்பதாக இருந்தாலும் பாதி வாய்தான் சிரிப்பார். "சும்மா திங்கிறதுக்கு இது என்ன சத்திரமா? எங்கயாச்சும் கொண்டு போயி விட்டுட்டு வாங்கடா" என்றார். ஒருவரும் அசையவில்லை. அப்போதுதான் தராசுக்காரர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தார். தராசு பிடிக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். மூட்டை தூக்குகிறவன் முதுகால் பிழைப்பான், தராசு பிடிக்கிறவன் கண்ணால் பிழைப்பான். நான் சாக்கை எடுத்தேன்.

பூனை விடுவதற்கும் முறை உண்டு. ஆற்றைத் தாண்ட வேண்டும். வழி மறப்பதற்குச் சாக்கை மூன்று தரம் சுற்ற வேண்டும். எல்லாம் முறைப்படி செய்து பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காலை ஸ்டோர் திறக்கும்போது மூட்டை உச்சியில் உட்கார்ந்து கால் நக்கிக்கொண்டிருந்தது. தோட்டத்தில் விடியற்காலை ஆள் எடுப்பதற்குப் பெரட்டு என்போம். "கங்காணி பெரட்டுக்கு வந்துட்டாருடோய்!" என்று ஸ்டோரே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "ஒரு பூனைய ஒழுங்கா விடத் தெரியல, ஒங்கிட்டயா தராசக் குடுக்கிறது?"

அடுத்த நாள் தம்புள்ளைக்குப் போகிற லொறியில் கங்காணியைச் சாக்கோடு ஏற்றினேன்.

இதை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பெண்பிள்ளை கடுதாசியோடு வந்து உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்கியது. சொந்த வீடா? சொந்த வீடு, இரண்டு மாடி என்றேன். சுற்றுமதில் இருக்கிறதா? ஏழடி, பொலிஸே ஏறாது என்றேன். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொன்னேன், சரசுவை வாய் திறக்க விடவில்லை. எனக்குக் கடன் தர வந்த பாங்க்காரனே இவ்வளவு கேட்டதில்லை.

"இதுக்கு முன்னாடி பூனை வளத்திருக்கீங்களா அங்கிள்? அதுக்கு என்ன ஆச்சு?"

அனுபவம் கேட்கிறது என்று நினைத்தேன். அனுபவம் என்றால் என்னிடம் இல்லாததா? கங்காணியின் கதையை ஆரம்பத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஐம்பது வருடமாகக் கலியாண வீடுகளில் கேட்டு வாங்கி ரசித்த கதை. சரசு மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நல்ல கட்டம் வரும்போது மிதிக்கிறாளே என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். "தம்புள்ளைக்குப் போற பாதையில, நாலந்தாவுல, கல்லுக் கோயிலுக்குத் திரும்புற எடத்துல லொறிய நிப்பாட்டி சாக்க அவுத்தேன் பாருங்க, சிறுத்தை மாதிரி ஒரே பாய்ச்சல், காட்டுக்குள்ள! அதுக்குப் பொறகு வரவே இல்ல. அடுத்த நாளே மொதலாளி தராசத் தூக்கி என் கையில குடுத்துட்டாரு. அன்னைக்கு ஏறுனவன் இன்னும் எறங்கல!"

பிள்ளை பேனாவை மூடியது.

"அங்கிள், இதுவும் கெழட்டுப் பூனைதான்."

"தெரியும்."

"அப்ப ஒங்களுக்கு நான் எப்புடித் தர்றது?"

எனக்கு ஏறியது. நான் யார், மாத்தளை டவுனில் என் பேரில் எத்தனை கட்டடம் எழும்பி நிற்கிறது என்று தொடங்கினேன். "கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்க" என்றாள் சரசு. நாற்பத்தைந்து வருடத்தில் அந்நியர் முன்னால் அவள் எனக்கு அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மகள், அது ரூபியக்கா காலடியில கெடந்ததுங்க. அவங்க வீட்டுல அது ஒன்னுதான் மிச்சம். எட்டு மாசமா ஒருத்தரும் கேக்கலன்னு நீங்கதான சொன்னீங்க. எம் பேருல எழுதுங்க. இவருகிட்ட தனியா விட மாட்டேன்."

இவருகிட்ட தனியா விட மாட்டேன்! நான் என்ன நாயா?

பிள்ளை மறுபடி பேனாவைத் திறந்தது. பிறகு என் கடுதாசியைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதியது. பூனைக்குப் பொறுப்பு சரசு. கடைசியில், 'வீட்டிலுள்ள மற்றவர்' என்ற இடத்தில் நான். 'எந்தக் காரணத்துக்காகவும் இந்தப் பூனையை வேறிடத்தில் கொண்டுபோய் விடமாட்டேன்' என்று எழுதி, எனக்குச் சத்தமாக வாசித்தும் காட்டியது. கையெழுத்து மட்டும் நான் அழகாகப் போடுவேன். போட்டேன்.

ஓட்டோவில் பூனை அவர்கள் இரவல் கொடுத்த கூடையில், கூடை சரசுவின் மடியில். என் மடியில் வெறும் சாக்கு.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். நாலந்தாவில் கங்காணி ஓடவில்லை.

சாக்கை அவிழ்த்ததும் வெளியே வந்து உடம்பை நீட்டி நெளித்தது. நாலு பக்கமும் பார்த்தது. பிறகு நடந்துவந்து லொறியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. லொறியில் வந்தோம், லொறியில் போவோம் என்று அதன் எண்ணம். டிரைவர் அண்ணன் இறங்கி வந்து பார்த்தார். "பாவம்டா. தூக்கு, நான் வீட்டுக்குக் கொண்டு போறேன். ஓடிருச்சுன்னு மொதலாளிகிட்ட சொல்லிருவோம்" என்றார். அவருடைய வீடு ஸ்டோருக்கு அரை மைல். கங்காணி மறுநாளே மூட்டை உச்சிக்கு வந்துவிடும், தராசு போய்விடும். "வேணாண்ணே, வண்டிய எடுங்க" என்றேன். சக்கரத்தில் அடிபடக் கூடாதென்று காலால் அதை ஒதுக்கிவிட்டேன். அன்றைக்கு நான் செய்த தருமம் அவ்வளவுதான். வண்டி நகர்ந்தபோதும் அது எழும்பவில்லை. சிறுத்தைப் பாய்ச்சலை நான் தம்புள்ளைக்குப் போய்ச் சேர்வதற்குள் கட்டிவிட்டேன்.

வீட்டில் குசினியின் நடுவில் கூடையைத் திறந்தாள் சரசு. பூனை மெதுவாக வெளியே வந்தது. நீட்டி நெளிந்தது. நாலு பக்கமும் பார்த்தது. பிறகு மேசைக் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"ஓடி ஒளியும்னு அந்தப் பிள்ளை சொன்னிச்சே. பாருங்க, அசையக்கூட இல்ல."

"கெழட்டுப் பூனை எங்க ஓடும்? அதுவுந்தான் ஓடல" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"எதுங்க ஓடல?"

பேப்பரில் அன்றைக்கு ஒரு செய்தியும் இல்லை. எதை வாசிப்பது? சரசு மறுபடி கேட்கவில்லை. மீனில் முள் எடுக்கப் போய்விட்டாள். மறுபடி கேட்டிருந்தால் ஏதாவது ஒரு பொய்யைக் கட்டியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. கேட்காமல் போகிறவளிடம் யாரால் பொய் சொல்ல முடியும்?

அந்த ஸ்டோர் இப்போது போன் விற்கிற கடை. முதலாளி போய்விட்டார், டிரைவர் அண்ணனும் போய்விட்டார். என் கடையில் தராசு என்று வைத்திருப்பது சிவப்பு நம்பர் ஓடுகிற ஒரு பெட்டி. மகன் என்னைத் தொட விடுவதில்லை. நாலந்தாவில் அந்தத் திருப்பத்தைப் போன மாதம் காரில் தேடினேன். எதுவென்று தெரியவில்லை, எல்லா இடத்திலும் கடை. இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய துக்கம் கிடையாது.

திருப்பத்தைத் தேடிய அன்றைக்கு நாங்கள் தம்புள்ளையில் ஒரு கலியாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு மருமகன்மார் சுற்றி உட்கார்ந்து, "மாமா, அந்தப் பூனைக் கதைய எடுத்து விடுங்க" என்றார்கள். எடுத்துவிட்டேன். மூட்டை உச்சி, பெரட்டு, எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். லொறி நாலந்தாவுக்கு வந்தது, சாக்கை அவிழ்த்தேன். பக்கத்து நாற்காலியில் சரசு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கக்கூட இல்லை. தடவுவதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

"அப்பறம் மாமா?"

"அப்பறம் என்ன? தராசு கெடச்சிச்சு" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஐம்பது வருடமாக நான் வாய் திறக்கும்போதெல்லாம் நாலந்தாக் காட்டுக்குள் பாய்ந்துகொண்டிருந்த அந்தச் சிறுத்தை, இப்போது இல்லை.