பேத்தியின் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீர்

மருங்காபுரிப் பக்கத்தில் மழை பொய்த்த வருஷம், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் துவாக்குடிக்கு வந்தவன் நான். வெல்டிங் பட்டறையில் முதலில் துடைப்பம் பிடித்தேன், பிறகு வெல்டிங் பிடித்தேன், பிறகு பட்டறையையே பிடித்தேன். இன்றைக்கு நாங்கள் செய்த வடிகட்டித் தொட்டிகள் நான்கு மாநிலங்களில் ஓடுகின்றன. ஒரு பக்கம் சேற்றுத் தண்ணீர் போனால் மறுபக்கம் கண்ணாடி மாதிரி வரும். இஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைகள் நோட்டோடு வந்து என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். வடிகட்டுவதைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று அறுபத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பேத்தி பிறந்து ஐந்தாவது நாள், புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார்.

"ரெண்டு கிட்னியும் வளரவே இல்லைங்க ஐயா. மொச்சைக் கொட்டை அளவுக்குத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா எவ்வளவு இருக்குங்க?"

"பொறந்த குழந்தைக்கு உங்க கட்டை விரலை விடச் சின்னதுதான்."

நான் என் கட்டை விரலைப் பார்த்தேன். எங்கள் தொட்டி ஒரு அறை உயரம். அதற்கு இரண்டு மோட்டார், மாதத்துக்கு ஒரு முறை கழுவிவிட ஆள், கெட்டுப்போனால் மாற்றுவதற்கு மணலும் கரியும். கட்டை விரல் அளவில் ஒன்று, மோட்டார் சத்தமில்லாமல், கழுவ ஆளில்லாமல், எண்பது வருஷம் ஒருவனுடைய ரத்தம் முழுவதையும் வடித்துக்கொண்டே இருக்கும் என்றால், அதைச் செய்தவன் எப்பேர்ப்பட்ட பட்டறை வைத்திருப்பான் என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

குழந்தை பத்துக் கிலோ ஆகவேண்டும். அப்படி ஆனால்தான் இன்னொருவருடைய கிட்னியை வைக்க முடியும். அதுவரை வீட்டிலேயே டயாலிசிஸ் என்றார்கள். வயிற்றில் ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். அதன் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விடவேண்டும். வயிற்றுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறதாம். அது ரத்தத்தில் உள்ள அழுக்கைத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும். இப்படி ஒரு நாளைக்கு ஐந்து தடவை. முதலில் அரை டம்ளர், இப்போது ஒரு டம்ளர் அளவு. அந்தச் சவ்வை யார் வைக்கிறார்கள் என்று கேட்டேன். "யாரும் வைக்கலைங்க. உங்களுக்கும் எனக்கும்கூட இருக்கு," என்றார் டாக்டரம்மா. இருந்தும் தெரியாமல் இத்தனை வருஷம் அதன் மேல் பெல்ட் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் நான் கட்டிய வீட்டின் மாடி அறையை அதற்காக ஒழித்துக் கொடுத்தேன். மருமகள் ஆஸ்பத்திரியிலேயே தங்கி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வந்தாள். முகத்தில் மாஸ்க், ஜன்னல் சாத்து, ஃபேனை நிறுத்து, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவு, அதற்குப் பிறகு எதையும் தொடாதே. சித்திரை வெயிலில் அந்த மூடிய அறையில் வேர்வை கண்ணில் இறங்கும். அதைத் துடைக்கவும் கூடாது. என் மகன் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டான். நான் போய் நின்றபோது மருமகள் என் கையைப் பார்த்தாள்.

"மாமா, நகம்."

நாற்பது வருஷத்து கிரீஸ் நகக்கண்ணில் இருந்தது. அது என் உழைப்பின் அடையாளம் என்று கூட்டத்தில்கூடக் காட்டியிருக்கிறேன். பிரஷ் போட்டு எட்டு நாள் தேய்த்தேன். ஒன்பதாவது நாள் என்னை உள்ளே விட்டாள்.

பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஆள் வராமல் இருக்குமா. வாசலில் நின்று எல்லாரையும் தடுக்கிற வேலை எனக்கு. என் அக்கா ஊரிலிருந்து வந்தாள், பையில் மூன்று இளநீரோடு.

"பஸ் மாறிப் பஸ் மாறி வந்திருக்கேன். எம் பேத்தியப் பாக்க எனக்கு பாஸ் வேணுமாடா?"

"பாக்கலாம்க்கா. கதவுக் கண்ணாடி வழியாப் பாரு."

"பெருமாளையே கிட்டப் போய்ப் பாத்துட்டு வரேன். உம் பேத்தி அவரவிடப் பெரிய ஆளா?"

"அவரு படுத்தே கெடக்குறவரு, கிருமி ஒண்ணும் பண்ணாது. இவ எழுந்து நடக்கணும்ல."

அக்கா சிரித்துவிட்டாள். இளநீரை எடுத்து வைத்தாள். "கிட்னிக்கு இதவிட மருந்து உண்டா? ஒரு சங்கு குடு போதும்." எனக்கும் அது சரியென்றே பட்டது. ஊரில் நீர்க்கடுப்பு என்றால் இளநீர்தானே. சங்கை எடுக்கக்கூடப் போய்விட்டேன். மாடிப்படியில் இறங்கி வந்த மருமகள் பார்த்துவிட்டாள்.

"பெரியம்மா, இதுல பொட்டாசியம் ஜாஸ்தி. நமக்குன்னா கிட்னி வெளிய தள்ளிடும். இவளுக்கு ரத்தத்துலயே நின்னு இதயத்த நிறுத்திடும்."

அக்கா இளநீரை என் பக்கம் தள்ளினாள். "நீயே குடி. உனக்குத்தான் எதுவும் ஆகாதே." குடித்தேன்.

எங்கள் வீட்டில் காலை விடிவது தராசில்தான். குழந்தையைத் தினமும் நிறுத்துப் பார்ப்போம். பட்டறையில் நான் டன் கணக்கில் கிரேனில் தூக்குகிறவன். இங்கே பத்து கிராம் ஏறினால் வீடு சிரிக்கும். இருபது கிராம் குறைந்தால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அவளுக்கு வாயில் பால் இறங்காது. மூக்குக் குழாய் வழியாகத்தான் போகும். அப்படி ஏற்றிய பால், ஒரு நாள் கன்னமாகிறது, ஒரு நாள் தொடையில் ஒரு மடிப்பாகிறது. இரும்பில் அப்படி எதையும் நான் வளர்த்ததில்லை. ஏழு மாதத்தில், தண்ணீர் விடும்போது என் மாஸ்க்கைப் பிடித்து இழுத்தாள். மருமகள் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள், முகம் கோணாமல்.

ஏழு கிலோ ஆனதும், யார் கிட்னி கொடுப்பது என்று பேச்சு வந்தது. என் மகனுடைய ரத்த குரூப் சேரவில்லை.

"சின்னஞ்சிறுசுங்ககிட்ட எதுக்குங்க எடுக்கறீங்க," என்றேன் டாக்டரம்மாவிடம். "என்னுது எடுத்துக்கங்க. நாப்பது வருஷத்துல ஒரு நாள் லீவு போட்டதில்ல. இரும்பு உடம்பு."

பரிசோதனை எல்லாம் முடிந்து கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வலி மாத்திரை சாப்பிடுவீங்களா ஐயா?"

"எப்பவாவது."

"தினமும் ரெண்டு, டாக்டர்," என்றாள் பக்கத்தில் இருந்த மருமகள். "டீயோட."

எங்கள் தொழிலில் அது சாப்பாடு மாதிரி. குனிந்தே வேலை செய்கிற முதுகு. மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டுக் கேட்கமாட்டார்கள். காலை டீயோடு ஒன்று போட்டால் சாயங்காலம் வரை ஓடும். நான் மட்டுமா. என் மேஜையில் ஒரு டப்பா நிறைய வைத்திருப்பேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற ஆளுக்கு நானே எடுத்துக் கொடுப்பேன். நல்ல முதலாளி என்று பேர்.

"அந்த மாத்திரை உங்க ரெண்டு கிட்னியையும் அரிச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "இருக்கறத நீங்களே இனிமே பாத்துப் பாத்து வெச்சுக்கணும். குடுக்க முடியாது."

அன்றைக்கு ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டும் வரை இதையேதான் யோசித்தேன். லீவு போடாத பெருமையை ஊரெல்லாம் சொன்னேனே, அதற்கு விலை கொடுத்தவை உள்ளே இருந்த இரண்டும்தான். நாற்பது வருஷம் அடிபட்டுக்கொண்டே என்னை ஓட்டியிருக்கின்றன. வலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்கூட அப்புறம்தான் வந்தது. அப்படி ஒரு பொறுமையை நான் மனிதரிடம் பார்த்ததில்லை. மறுநாள் பட்டறையில் அந்த டப்பாவைக் குப்பையில் கொட்டினேன். முதுகு வலிக்கிறவன் வீட்டுக்குப் போகலாம் என்றேன். ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பிறகு மருமகளுக்குப் பரிசோதனை. எல்லாம் பொருந்தியது.

"நீயே நாப்பத்தெட்டுக் கிலோதான் இருக்க," என்றேன்.

"எனக்கு ஒண்ணு போதுமாம் மாமா."

"வலிக்கும்."

"உங்க டப்பாலேர்ந்து ஒண்ணு போட்டுக்கறேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும், "சும்மா சொன்னேன், மாமா," என்றாள்.

பெரியவர் கிட்னி அந்தச் சின்ன வயிற்றில் எப்படிக் கொள்ளும் என்று கேட்டேன். கொள்ளுமாம். வைத்தவுடன் ரத்தத்தைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் மேஜை மேலேயே சிறுநீர் வர ஆரம்பிப்பதும் உண்டாம். டாக்டரம்மா அதைச் சொல்லும்போது அவர் முகத்திலேயே ஆச்சரியம் இருந்தது. எத்தனை தடவை பார்த்தவர்.

அறுவைக்கு முன்னால் மருமகள் உடம்பைத் தேற்ற வேண்டும், தூங்க வேண்டும் என்றார்கள். அதனால் பகலில் மூன்று முறையும் இப்போது நான்தான் செய்கிறேன். முதல் நாள் அவள் கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். நான் கை கழுவியது, மூடியைத் திறந்தது, குழாயைச் சேர்த்தது எல்லாவற்றையும் பார்த்தாள். நான் அரசாங்க இன்ஸ்பெக்டர்களுக்கு முன்னால் நின்றவன். அவர்களுக்கு ஒரு தடவை சரிபார்த்தவன், அன்று ஒவ்வொரு மூடியையும் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

போன வாரம் வடித்து முடித்ததும், வடித்த தண்ணீர் நிறைந்த பைக்குப் பின்னால் நியூஸ் பேப்பரை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் கலங்கியிருந்தால் எழுத்து தெரியாது. தெரிந்தால் கிருமி இல்லை என்று அர்த்தம். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. பேத்தி கேட்கட்டும் என்று எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே படித்தேன். அவள் காலை உதைத்தாள்.

தெளிவாக இருக்கிறது என்று சொல்லத் திரும்பினேன். கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை. புதுத் தண்ணீரை விட்டு, குழாயை மூடிவிட்டு வெளியே வந்தேன். கூடத்தில் மருமகள் பாயில் படுத்து, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றேகால் வருஷத்தில் அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்பாமல், சுவரில் மாட்டியிருந்த அட்டையில் அன்றைய எடையை நானே எழுதினேன். எட்டுக் கிலோ நானூறு. பத்துக்கு இன்னும் ஒரு கிலோ அறுநூறு.