ஏர்போர்ட்டுக்கு ஒரு நாள், திருச்செந்தூருக்கு மற்ற நாள்

எங்கள் பழைய காருக்கு அடியில் பூனை இரண்டு தடவை குட்டி போட்டிருக்கிறது. அந்தக் கார் எவ்வளவு ஓடியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வாப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் ஒரு மாதம் காயல்பட்டினத்துக்கு வருவார். அந்த ஒரு மாதத்துக்காக வாங்கிய டீசல் கார், மற்ற மாதங்களில் உறை போர்த்தியபடி வீட்டு முன்கொட்டகையில் நிற்கும். அவர் வந்து இறங்கியதும் முதல் இரண்டு மூன்று நாள் மெக்கானிக்கோடு போய்விடும். பேட்டரி செத்திருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். புதுச் சட்டையில் கிரீஸ் கறையோடு நின்று, "வண்டின்னா அப்பிடித்தான்" என்பார் வாப்பா.

போன வருஷம் அதை விற்றுவிட்டு, உயரமான எஸ்யூவி ஒன்று வாங்க முடிவானது. இருக்கை உயரமாக இருந்தால் உம்மா முழங்காலை மடக்காமல் ஏறி உட்காரலாம். எந்த மாடல் என்பதில் சண்டையில்லை. நிறத்திலும் இல்லை. வெள்ளை என்று உம்மா சொல்லிவிட்டார். மிச்சம் ஒரே கேள்விதான்: டீசலா, பெட்ரோலா?

வாப்பாவுக்கு அது கேள்வியே அல்ல. "இங்க பெட்ரோல் தண்ணி மாதிரி. நம்ம ஊருக்கு டீசல்தான் கட்டுப்படியாகும்." வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. ஜும்ஆ முடிந்து சாப்பிட்டதும் வீடியோவில் வருவார். காக்கா, அதாவது என் அண்ணன், அவரும் அதே கட்சி. எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணமானதும் காக்கா மனைவி வீட்டுக்குக் குடிபோய்விட்டார். வீடு பெண்ணுக்குத்தான். உம்மாவுக்கு அவர் வீட்டார் கொடுத்த வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம், வாப்பா உட்பட.

நான் ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு யோசனை ஓடும். ஆகவே எஞ்சினை விட்டுவிட்டு, முதலில் எங்கள் பயணங்களை வரிசைப்படுத்தினேன். என் வேலைக்குப் போய்வருவது. உம்மாவின் முழங்காலுக்கு வாரம் இரண்டு தடவை திருச்செந்தூரில் பிசியோதெரபி. சாமான் வாங்க, கல்யாண வீட்டுக்கு என்று பக்கத்து ஊர்கள். எப்போதாவது தூத்துக்குடி. கடைசியாக, வருஷத்துக்கு ஒரு தடவை வாப்பாவை அழைக்கவும் ஒரு தடவை கொண்டுபோய் விடவும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்.

அதில் இரண்டாவது வரிதான் என்னை விடவில்லை. உம்மா, வீட்டுக்குப் பின்னால் பெண்கள் நடக்கும் முடுக்குச் சந்து வழியாகவே சொந்தக்காரர் வீடு எதற்கும் போய்விடுவார். ஆனால் முடுக்கு வழியாகத் திருச்செந்தூர் போக முடியாது. அதற்குக் காக்கா வர வேண்டும், ஆட்டோ அமைய வேண்டும். ஒரு சனிக்கிழமை பர்தா போட்டு, பையைக் கையில் பிடித்து, வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காக்காவுக்குக் கடையில் வேலை, வரவில்லை. உம்மா மணியைப் பார்த்தார். பர்தாவைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "வலி கொஞ்சம் தேவலைதான்" என்று தேயிலை போடப் போனார். அடுப்படி வரை சுவரைப் பிடித்துக்கொண்டே போனார்.

தூத்துக்குடி ஷோரூமுக்கு நானும் காக்காவும் போனோம். விற்பனையாளர் என்னைப் பார்த்து "வாங்க மேடம்" என்று சொன்னதோடு சரி. மிச்சப் பேச்செல்லாம் காக்காவோடு. இழுவை, மைலேஜ், மலை ஏறும் வேகம்.

"இந்த டீசல்ல புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்குல்ல? தினமும் கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டினா அது என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் காக்காவைப் பார்த்தே பதில் சொன்னார். "அடிக்கடி ஹைவேல ஒரு ஓட்டம் விட்டுரணும் சார். சூடேறுனா கரி தானா எரிஞ்சிரும்."

"விடலேன்னா?"

"அடைக்கும்" என்றார், இந்தத் தடவை என்னைப் பார்த்து.

வீட்டுக்கு வந்து காக்கா இதற்கு வழி சொன்னார். "வாரம் ஒரு நாள் நான் வந்து பாளையங்கோட்டை வரைக்கும் ஓட்டிட்டு வாரேன்."

உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். "ஏலே, பாலுக்கு மாடு வாங்கச் சொன்னா, மேய்க்க ஆளும் சேத்து வைக்கச் சொல்லுதியே. திருச்செந்தூருக்கு வர நேரமில்லாதவன் பாளையங்கோட்டைக்குப் போறானாம்."

காக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வாப்பாவிடம் நேராகவே பேசினேன். டீசலில் இழுவை அதிகம், லிட்டருக்கு ஓடும் தூரமும் அதிகம், அதை நான் மறுக்கவில்லை என்று முதலில் சொன்னேன். ஆனால் விலையும் அதிகம். நாங்கள் ஓடும் தூரத்துக்கு அந்த வித்தியாசத்தை எரிபொருளில் மீட்க வெகுகாலம் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஃபில்டர்.

"அதெல்லாம் சரிம்மா. ஏர்போர்ட்ல இருந்து பெட்டியோட வரணும்ல? ஆரல்வாய்மொழிக் காத்துல பெட்ரோல் வண்டி திணறும்."

"வாப்பா, இந்த வண்டி உங்கள ஒரு நாள் கூட்டிட்டு வரவா, நாங்க வருஷம் பூரா போய் வரவா?"

திரையில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டிரைவர் போட்டுக்கலாம்" என்றார்.

"டிரைவர் நான்தான்."

"ஒனக்கு லைசென்ஸ் இருக்கா?"

"காலேஜ் படிக்கும்போது எடுத்தேன். டிரைவிங் ஸ்கூலுக்குப் பணம் அனுப்புனதே நீங்கதான்."

"அது… சும்மா ஒரு இதுக்கு இருக்கட்டும்னு அனுப்புனேன். தெருவுல பொம்பளப் புள்ள வண்டி எடுத்துட்டுப் போனா நாலு பேரு…"

அவர் முடிப்பதற்குள் உம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். கோபப்படவில்லை. மீன் விலை பேசும் குரலில்தான் பேசினார்.

"இங்கேருங்க. வண்டி ஒங்க காசு. நிக்கப் போற எடம் யாரோடது?"

"ஒன் வீடுதான்."

"அப்ப என் கொட்டகையில எது நிக்கணும்னு நான் சொல்லுதேன். பூனைக்குப் பேறுகாலம் பாக்குத வண்டி இனி இங்கன வேண்டாம். இவ ஓட்டுதது நிக்கட்டும்."

வாப்பா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். "சரி. ஆனா மேட்டுல நின்னா என்ன செய்வ?"

"நிக்காது. கியரக் கொறச்சு மெதுவா வருவேன்."

பெட்ரோல் வண்டி வந்தது. முதல் வாரம் தெருவில் பேச்சு இருந்தது. அதை நான் என் வரிசையில் சேர்க்கவில்லை. காலையில் நான் வண்டியை எடுக்கும் நேரம் எதிர்வீட்டுத் திரை விலகும். போகப் போக அதுவும் நின்றது. உம்மா ஒரு பிசியோதெரபி நாளையும் விடவில்லை. திரும்பும்போது கடற்கரைப் பக்கம் நிறுத்தச் சொல்லி, இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி உட்கார்ந்திருப்பார். முன் இருக்கையை எவ்வளவு தள்ளினால் கால் நீட்டலாம் என்பதை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

வாப்பா வந்த நாள் நானும் உம்மாவும் திருவனந்தபுரம் போனோம். பெட்டிக்கு இடம் வேண்டும் என்று காக்கா வீட்டிலேயே இருந்துவிட்டார். வாப்பா தள்ளுவண்டியோடு வெளியே வந்து, பெட்டிகளை ஏற்றி, சுற்றி வந்து முன்கதவைத் திறந்தார். உள்ளே உம்மா. கையில் முறுக்குப் பொட்டலம். இறங்கும் உத்தேசம் தெரியவில்லை.

"காலு மடக்க முடியாதுங்க" என்றார்.

வாப்பா பின் இருக்கையில், பிஸ்கட் டப்பாக்களுக்கும் போர்வைப் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. மேட்டில் வேகம் விழுந்தது. கியரைக் குறைத்தேன். எஞ்சின் உறுமியது.

"டீசலா இருந்தா…" என்று பின்னாலிருந்து குரல்.

"டீசலா இருந்தா இந்நேரம் மெக்கானிக் வீட்டுல இருப்போம்" என்றார் உம்மா, முறுக்கைக் கடித்தபடி.

மேடு ஏறி முடிந்தது. வண்டி நிற்கவில்லை, ஆனால் பாரத்துக்குப் பெட்ரோல் நான் நினைத்ததைவிடக் கூடுதலாகவே குடித்திருந்தது. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திசையன்விளையில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். பங்க்காரர் வண்டியின் உயரத்தைப் பார்த்தார். என் ஜன்னலைத் தாண்டி, பின் ஜன்னலில் போய்க் குனிந்தார்.

"அண்ணாச்சி, டீசல்தான?"

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் வாப்பாவைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவர் மடியில் சரிந்த டப்பாவை ஒரு கையால் நிமிர்த்திக்கொண்டே இன்னொரு கையை முன்பக்கம் நீட்டினார்.

"ஓட்டுதவகிட்டக் கேளுங்க."

"பெட்ரோல்" என்றேன். "ஃபுல் டேங்க்."