கோழிச்செள்

ராகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையின் பின்பக்கம் இரண்டு கோழிக்கூடுகள் ஒட்டி நின்றன. ஒன்று எங்களுடையது. மற்றது சுவரை ஒட்டிய அடுத்த காம்பராவில் குடியிருந்த சித்தப்பாவுடையது. அப்பாவும் அவரும் சேர்ந்து கட்டியவை என்பதால் இரண்டுக்கும் நடுவில் ஒரே பலகைதான். ஆனால் எனக்கு ஒன்பது வயதானபோது கட்டியவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். முந்தின வருடம் சித்திக்குப் பிரசவ வலி வந்தபோது தோட்டத்து லொறியைக் கூட்டிவர ஓடியவர் அப்பா. மழையில் பாதையில் மண் சரிந்து கிடந்ததால் லொறி வர நேரமாகிவிட்டது. சித்தி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார். குழந்தையும் தங்கவில்லை. கடை முதலாளியின் வேனைக் கேட்டிருக்கலாமே என்று சித்தப்பா ஒருமுறை சொன்னார். அதன் பிறகு அப்பாவிடம் அவர் எதுவுமே சொல்லவில்லை. சித்தி வளர்த்த கோழிகளுக்குத் தினமும் தீனி போட்டார். கூட்டை மட்டும் தொடவில்லை.

அந்த மழைக்காலத்தில் எங்கள் கோழிகள் பொழுது சாய்ந்தும் கூட்டுக்குள் போகாமல் பேரிக்காய் மரத்தில் ஏறி நனைந்துகொண்டு நின்றன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே தள்ளுவேன். கொண்டைகள் வெளுத்துப்போயின. ஒருநாள் அடைகாத்த சிவப்புக் கோழியின் அடியில் கையை விட்டபோது முழங்கை வரைக்கும் ஊறல் எடுத்தது. மிளகாய்த் தூளைவிடச் சிறிய செம்புள்ளிகள் ஊர்ந்தன. அம்மா ஒன்றை நசுக்கினார். நகத்தில் இரத்தம் ஒட்டியது.

"செள்ளு. பகல்ல பலகை இடுக்குல ஒளிஞ்சிருந்துட்டு ராத்திரில வந்து இரத்தத்தக் குடிக்கும்" என்றார்.

கீழே விரித்திருந்த மானாப்புல்லை அப்பா எரித்தார். பலகைகளில் கொதிதண்ணீர் ஊற்றினார், இடுக்குகளில் மண்ணெண்ணெய் தடவினார். கோழிகள் புரள அடுப்புச் சாம்பலைக் கொட்டி வைத்தார். சில நாள் நன்றாக இருந்தது. பிறகு மறுபடியும் வந்தது. மறுபடியும் செய்தார். ஒரு காலையில் சிவப்புக் கோழி முட்டைகளின் மேலேயே செத்துக் கிடந்தது. தூக்கியபோது வெறும் இறகுபோல இருந்தது.

அம்மா அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டே மெல்லச் சொன்னார். "நம்ம கூட்ட மட்டும் கழுவி என்னாங்க செய்யிறது? அந்தப் பக்கம் இருந்துல்ல வருது. ரெண்டையும் ஒரே நாள்ல செய்யணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு சித்தப்பாவின் வாசலுக்குப் போனார். பத்தடி தூரத்துக்கு எதற்குச் சட்டை என்று எனக்குத் தோன்றியது.

"கோழிக்குச் செள்ளு புடிச்சிருக்கு தம்பி. ரெண்டு கூட்டையும் ஒண்ணாப் பிரிச்சுக் கழுவுனாத்தான் தீரும்."

சித்தப்பா விறுக்கென்று எழுந்தார். சண்டை வரப்போகிறது என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்தார்.

அன்று முழுக்க இருவரும் ஆணி பிடுங்கினார்கள், சுரண்டினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். சித்தப்பாவின் கூட்டில் முட்டையிடுவதற்குச் சித்தியின் பழைய கொழுந்துக்கூடை ஒன்று இருந்தது. அதன் பின்னலெல்லாம் செள். அப்பா அதைக் கையில் எடுத்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். சித்தப்பா வாங்கி, தானே நெருப்பில் வைத்தார். அது எரிந்து முடியும்வரை இருவரும் வேலையைத் தொடவில்லை.

செள்ளின் முட்டைகள் பொரிக்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். அடுத்த ஞாயிறும் கூடுகளைப் பிரித்தார்கள். அன்றுதான் சித்தப்பா, "அண்ணே, இந்தப் பலகையக் கொஞ்சம் புடிங்க" என்றார். அப்பா பிடித்தார். பிடித்த பிறகும் வெகுநேரம் விடவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு விடியற்காலையில் அம்மா கோழிகள் உட்காரும் கம்பை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துக் கொண்டுவந்தார். செள் இருந்தால் துணியில் சிவப்புக் கோடு விழும். துணி வெள்ளையாகவே இருந்தது.

"சுத்தமாப் போயிருச்சுங்க" என்றார்.

அப்பா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே சித்தப்பா ஏற்கெனவே கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"செள்ளுதான் இல்லையேப்பா, ஏன் கழட்டுறீங்க?" என்று கேட்டேன். அப்பா போத்தலைக் கீழே வைத்துவிட்டுத் தகரத்தின் மறுமுனையைப் பிடித்தார். அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். இந்தப் பெரியவர்களிடம் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று சலித்தபடி நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.