கணக்கு வகுப்புக்குப் போட்ட திருவுளச்சீட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். ஒவ்வொரு கார்த்திகைக்கும் விளக்கு ஏற்றி வைத்துவிட்டு உட்காரும்போது, இந்த வருடமாவது எழுதிவிட வேண்டும் என்று தோன்றும். நோட்டை எடுப்பேன். அப்பா உயிரோடு இருக்கிறாரே என்று மூடி வைத்துவிடுவேன். அப்பா போய் இந்தத் தையோடு ஒரு வருடம் ஆகிறது. திதியும் கொடுத்தாயிற்று. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருக்காது. அதற்கு மாரியம்மன் சாட்சி.

நடுவட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்குள் இரண்டு மைல் நடந்தால் எங்கள் எஸ்டேட். அப்பாவும் அம்மாவும் கோபிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு மலையேறி வந்தவர்கள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து எடுக்கிற வேலை. லைன் வீட்டில் ஒரு அறை, ஒரு அடுப்படி. இது நடந்தபோது எனக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. அக்காவுக்குப் பத்து, ஐந்தாம் வகுப்பு. தம்பி பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்தபோது வீட்டில் ஒரே பேச்சுத்தான். அம்மா லீவு முடிந்து வேலைக்குப் போக வேண்டும். தம்பியை யார் பார்த்துக்கொள்வது? எஸ்டேட்டில் பிள்ளை பார்க்கிற இடம் இருந்தது. ஆனால் ஓடையைத் தாண்டிப் போக வேண்டும். மழைக்காலத்தில் அங்கே விட்ட குழந்தை நெஞ்சுச் சளி இல்லாமல் வந்ததில்லை. அக்காவை நிறுத்திவிடலாம் என்பது அம்மாவின் யோசனை. அவளை எப்படியாவது ஆறாம் வகுப்புக்கு ஊட்டி ஆஸ்டலில் சேர்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. இரண்டுக்கும் நடுவில் அவர் தூக்கமில்லாமல் கிடந்தார். கடைசியில், “வெள்ளிக்கிழமை பூக் கேட்டுப்போடலாம்” என்றார்.

எங்கள் வீட்டில் எதற்கும் பூக் கேட்பதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். மாரியம்மன் காலடியில் வைத்துச் சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு. சின்னக் கை எடுத்தால் சாமியே எடுத்த மாதிரி. எங்கள் வரிசையில் அந்தக் கை என்னுடையது. அக்காவுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

“ஏண்டி, நீ பூவெடுத்துக் குடுத்து வாங்குன ஆடு மூணு நாள்ல செத்துப்போச்சு. இதையா சாமி கைங்கறாங்க?” என்று என் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் புதன்கிழமை கோயமுத்தூரிலிருந்து ஒரு அம்மா ஜீப்பில் வந்தார். கல்லூரியில் வாத்தியார்களுக்கே பாடம் எடுப்பவராம். பிள்ளைகளுக்குக் கணக்கு ஏன் வருவதில்லை, எப்படிச் சொன்னால் வரும் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். நாலாவதிலும் ஐந்தாவதிலும் சேர்த்து இருபது பிள்ளைகள். அதில் பத்துப் பேருக்கு மணிச்சரம், மரக்கட்டை எல்லாம் வைத்துப் புது மாதிரி. மீதிப் பத்துப் பேருக்கு எப்போதும் போல வாய்ப்பாடு, சிலேட்டு. வருடக் கடைசியில் இருபது பேருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்துப் பார்ப்பாராம். பெற்றவர்கள் சம்மதம் வேண்டும் என்று எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா ஃபேக்டரியில் சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பத்துப் பேரைப் பிரிக்கச் சீட்டுப் போட வேண்டும் என்றார் அந்த அம்மா. பெயர் எழுதி மடித்த சீட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. எங்கள் வாத்தியார் என்ன செய்தார் என்றால், டின்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தார். கற்பூரத் தட்டையும் எடுத்து வைத்தார்.

“சார், இதெல்லாம் எதுக்கு?” என்றார் அந்த அம்மா.

“இருக்கட்டுமுங்க. சாமி முன்னால எடுத்தா, எம் புள்ளைய உட்டுப்போட்டீங்கன்னு நாளைக்கு ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டாங்க.”

அந்த அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு எல்லோரையும் பார்த்து ஏதோ விளக்கிச் சொன்னார். அதற்குள் கற்பூரம் ஏற்றியாயிற்று. பெற்றவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

“எங்க அந்தச் சின்னது?” என்று வாத்தியார் கேட்டார். என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

ஒவ்வொன்றாக எடுத்தேன். வாத்தியார் பிரித்துப் படித்தார். ஒன்பது ஆயிற்று. பத்தாவதுக்குக் கையை விட்டபோது இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. மூடுபனியில் நடந்து வந்த கை ஈரமாக இருந்திருக்கும். இரண்டு எடுத்தால் திட்டுவார்கள் என்று பயந்து, டின்னுக்கு உள்ளேயே விரலை உதறினேன். ஒன்று கழன்று விழுந்தது. கையில் நின்றதைக் கொடுத்தேன். அது ஒரு கங்காணி மகனின் பெயர். யாரும் பார்க்கவில்லை. பிறகு வாத்தியார் மீதிச் சீட்டுகளையும் எடுத்துப் படித்தார். மேலாகக் கிடந்தது அக்கா பெயர்.

அக்காவும் நானும் அப்பாவோடு வீட்டுக்குத் திரும்பினோம். ஓடைக்கரையில் நின்று, “வெள்ளிக்கிழமை வேண்டாம் கண்ணு. சாமி இன்னைக்கே சொல்லிப்போட்டுது” என்றார்.

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. “அப்பா, அது எந்த ரூம்புல உக்காரறதுன்னு போட்ட சீட்டுங்க. படிக்கறதா வேண்டாமான்னு ஆரும் கேக்கலீங்க.”

“சாமி ஒரு வார்த்தையில ஒம்பது பதில் சொல்லும். நமக்குத்தான் புரியோணும்.”

“உங்களுக்கு வேணுங்கற பதிலா?”

அப்பா அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவள் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருப்பாள். அவர் தலையில் கை வைத்துத் தடவிவிட்டதும் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது. திங்கட்கிழமை நான் மட்டும் பள்ளிக்கூடம் போனேன்.

கோயமுத்தூர் அம்மா ஒரு வாரம் தங்கி, புதிதாக வந்த டீச்சருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார். எங்கள் ஒன்றாம் வகுப்புக்கும் அந்தப் பத்துப் பேருக்கும் நடுவில் ஒரு தட்டிதான். தட்டிச் சந்து வழியாக எல்லாம் தெரியும். சாயங்காலம் நான் வந்ததும் அக்கா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு என்னை விசாரிப்பாள். எத்தனை மணி ஒரு கம்பியில்? பத்துப் பத்தாகவா? கழிக்கும்போது பத்து மணிச்சரத்தைப் பிரிக்கிறார்களா, மாற்றுகிறார்களா? எனக்குப் பாதிதான் தெரியும். மீதியை அவளே யோசித்துச் சொல்வாள். மறுநாள் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்தின் காய்களைப் பொறுக்கி வந்து, இரும்புக் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, பத்துப் பத்தாகக் கயிற்றில் கோக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் கோத்துக்கொண்டே கேட்டாள். “கடைசிச் சீட்டெடுக்கறப்ப உன் கையி ஏண்டி உதறுச்சு?”

“குளிரு, அக்கா.”

என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் அடுத்த காயை எடுத்துக்கொண்டாள்.

ஆடி மாதம். நடுவட்டத்து மழை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாளாக வெயில் கண்ணில் படவில்லை. தம்பியின் துணி ஒன்றும் காயவில்லை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அடியில் சாரல் வராமல் சாக்கு அடைத்திருந்தது. அக்கா, அக்கா என்று தட்டினேன். தம்பி முனகுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொழுந்துக் காட்டுக்கு ஓடி அம்மாவைக் கூட்டி வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள்.

எண்ணெய் டின்னில் ஓட்டை போட்டுக் கரி மூட்டுவோமே, அது அறை நடுவில் இருந்தது. மேலே கொடியில் தம்பியின் துணிகள். புகை ஒன்றுமே இல்லை. அக்கா சுவரில் சாய்ந்து தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். தம்பியின் தூளி ஜன்னல் ஓரம் கட்டியிருந்தது. அங்கே கண்ணாடி உடைந்து காற்று வந்துகொண்டிருந்ததால் அவன் பிழைத்தான். கரிப்புகை அடித்துவிட்டது என்றார் எஸ்டேட் கம்பவுண்டர். கண்ணுக்குத் தெரியாத புகையாம் அது.

கரிக்குள் இரும்புக் கம்பி சொருகியிருந்தது. அதை நான் மட்டும் பார்த்தேன் என்று நினைக்கிறேன். துணிக்காக மூட்டிய கரியா, காய்க்காக மூட்டிய கரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டுக்கும்தான் இருக்கும். அவள் ஒரு வேலையில் இரண்டு வேலை பார்க்கிறவள். மடியில் கிடந்த சரத்தை அப்பா அவளோடு குழிக்குள் வைத்தார். அன்றைக்கு அவர் அம்மாவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “சாமி சொன்னதைத்தான கேட்டோம்.”

பங்குனியில் கோயமுத்தூர் அம்மா மறுபடி வந்தார். கணக்குக் கொடுத்துப் பார்க்கிற நாள். ஒரு பெண் வரவில்லையே என்று கேட்டிருக்கிறார். வாத்தியாருக்குச் சொல்ல வாய் வராமல், “ஊட்டுல நிறுத்திட்டாங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் லைனுக்கே நடந்து வந்துவிட்டார்.

“ஒரே ஒரு நாள் அனுப்புங்க ஐயா. பத்துக் கணக்குதான். புதுசா படிச்ச பிள்ளைங்க எங்களுக்கு எவ்வளவு வேணுமோ, பழைய மாதிரி படிச்சவங்களும் அவ்வளவு வேணும்.”

“சீட்டுல வராத புள்ளைதானுங்களே அது” என்றார் அப்பா.

“சீட்டில வந்ததும் வராததும் ஒண்ணுதாங்க. எது நல்ல முறைன்னு எங்களுக்கே தெரியாது. தெரியாததாலதான் சீட்டுப் போட்டோம். யாரையும் நல்லவங்க, மட்டமானவங்கன்னு பிரிக்கலை.”

அப்பா ஸ்டூலை எடுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முடித்துவிட்டு, “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

“சொன்னேங்க” என்றார் அந்த அம்மா. கையிலிருந்த பட்டியலை மடித்தார். “கற்பூரம் எரிஞ்சிட்டிருக்கும்போது சொன்னேன்.”

அப்பா தலையை ஆட்டினார். “டீத்தண்ணி குடிச்சுப்போட்டுப் போங்க” என்றார்.

அந்த அம்மா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “அன்னிக்குச் சீட்டெடுத்த குழந்தையா?” என்று கேட்டார். கேட்டதும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு சீட்டு வந்ததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நான் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டேன். அவர் ஏன் அழுகிறார் என்று அப்போது யோசித்ததும் நினைவிருக்கிறது. இருபது பேரில் ஒருத்தி குறைந்துவிட்டாள், அவருடைய கணக்கு சரியாக வராது, அதற்காக அழுகிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்பா அதன் பிறகு எதற்கும் பூக் கேட்கப் போகவில்லை. என் கை பெரிதாகிவிட்டது, அதனால்தான் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். கோவிலுக்கு மட்டும் கடைசி வரைக்கும் போனார். நானும் போகிறேன். அம்மனிடம் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவளை யாரும் கேட்காத கேள்விக்கு நாங்களாக ஒரு பதிலை எடுத்துக்கொண்டோம். பத்து வயதில் அக்கா ஓடைக்கரையில் நின்று அதைத்தான் சொன்னாள். அவளுக்குப் புரிந்தது எங்களுக்குப் புரிய எத்தனை வருடம்.

தம்பி இதைப் படிப்பானோ மாட்டானோ. படித்தால், தன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளை நிறுத்தினார்கள் என்று மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அவன் மூன்று மாதக் குழந்தை.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை வைத்திருப்பவர்களிடம், பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வாத்தியாரைக் கெட்டவராக்க வேண்டாம், அப்பாவையும் ஆக்க வேண்டாம். இரண்டு சீட்டு வந்ததை எனக்காகப் பாவம் பார்த்து விட்டுவிடாதீர்கள். உள்ளே விழுந்த சீட்டு அக்காவுடையதுதான் என்று சேர்த்தும் சொல்லாதீர்கள். அது எனக்குத் தெரியாது.